கறுப்பு மையில் இருபத்திரண்டு சொற்கள்

என் பீரோவின் அடித்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு விடைத்தாள் இருக்கிறது. நீல மையில் எழுதிய இரண்டரைப் பக்க ஆங்கிலக் கட்டுரை. ஆனால் வரிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சொற்கள் மட்டும் கறுப்பு மையில் இருக்கின்றன. சில இடங்களில் கறுப்புச் சொல்லுக்கு இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சில இடங்களில் சின்னச் சொல்லுக்கு இருபுறமும் வெள்ளையாக இடம் மிச்சம் கிடக்கும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருபத்திரண்டு சொற்கள். அவற்றில் ஒன்பதைச் சுற்றி என் சிவப்பு மை சுழித்திருக்கிறது. மதிப்பெண் போடும் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

சந்தேகம் எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. நிலம் நீச்சு எல்லாம் தாத்தா காலத்தோடு கையை விட்டுப் போய், வீட்டில் எல்லோரும் வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டோம். அந்தக் குணம் மட்டும் போகவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் பால்காரர் வந்தால் அம்மா படியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்த பிறகுதான் பாத்திரத்தை நீட்டுவார். தாலுகா ஆபீசில் சிட்டா நகல் வாங்கினால் அப்பா அங்கேயே நின்று முத்திரையை விரலால் தேய்த்துப் பார்ப்பார். நான் இருவருக்கும் பிறந்தவள். "உன்கிட்ட ஆண்டவனே நேர்ல வந்தாலும் ஆதார் கார்டு எங்கேன்னு கேப்ப" என்பது என் கணவரின் தீராத கேலி. கேட்டால் என்ன தவறு என்றுதான் எனக்குத் தோன்றும்.

தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவே, இருபுறமும் வயல் சூழ்ந்த ஒரு தனியார் கல்லூரியில் பல வருடங்களாக ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தக் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வீட்டில் ஆங்கிலம் பேசும் வாய் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள், மூன்று மணி நேரத்தில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியாக வேண்டும். என்னதான் செய்வார்கள்? எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற ஒரு முதல் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கேள்வியில் உள்ள சொற்களையே திருப்பிப் போட்டுப் பதிலாக்குவார்கள். பென்சிலால் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக ஆங்கிலமாக்கி, கடைசியில் ரப்பரால் தேய்த்துத் தாளையே கிழிப்பார்கள். பயணத்தைப் பற்றிய கட்டுரையை உருப்போட்டு வந்தவனிடம் நூலகத்தைப் பற்றிக் கேட்டால், நூலகத்துக்குப் பஸ் ஏறிப் புறப்படுவான். இரண்டு பக்கம் ஜன்னலோரத்தில் வேடிக்கை பார்ப்பான். கடைசி வரியில்தான் நூலகம் வந்து சேரும். இப்போது கைப்பேசியே கட்டுரை எழுதித் தருகிறது என்பதால் பிழையே இல்லாத ஒரு பத்தியைக் கண்டால் இரண்டு முறை படிப்பேன். எது சொந்தம், எது இரவல் என்று மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று துறையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த விடைத்தாளை எழுதியவரை நாங்கள் சாவி அக்கா என்று அழைத்தோம். துறையின் அறைகள், பீரோக்கள், மேல்மாடி வகுப்புகள் என்று அத்தனை சாவிகளும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். அவருடைய கணவர் எங்கள் கல்லூரிப் பேருந்தை ஓட்டியவர். அவர் திடீரென்று இறந்துபோனதும் நிர்வாகம் இவருக்குத் துறை உதவியாளர் வேலை கொடுத்தது. பன்னிரண்டாவது வரை படித்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். பட்டப்படிப்பை முடித்தால் அலுவலகத்தில் எழுத்தர் இடம் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மாலை ஷிப்டில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தார். காலையில் எனக்கு அறையைத் திறந்துவிட்டு, கரும்பலகையைத் துடைத்து வைப்பவர், மதியம் ஒன்றரைக்கு அதே வகுப்பில் தன் மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். காலையில் நான் அவரை அக்கா என்பேன். மதியத்தில் என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் பார்வையை மட்டும் அவர் பக்கம் திருப்புவேன்.

என்னிடம் அடிக்கடி சொற்கள் கேட்பார். நான் டிபன் பாக்ஸ் கழுவும் நேரமாகப் பார்த்து வந்து நிற்பார். "மேடம், மனசு ஆறிப்போச்சுன்னு சொல்லுவோம்ல, அத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" என்பார். குழாயை மூடாமலேயே ஏதாவது சொல்லி அனுப்புவேன். இந்த அம்மாளுக்கு எதற்கு இத்தனை சொற்கள் என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும். கேள்வித்தாள் அச்சாகும் வாரத்தில் கேட்டால், கேள்வியை எங்கேயோ பார்த்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் உள்தேர்வு நடந்தது. 'எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்த நாள்' என்பது கட்டுரைத் தலைப்பு. நான்தான் கொடுத்தேன், கைப்பேசிக்கு எட்டாத தலைப்பாக இருக்கட்டுமே என்று. புதன்கிழமை தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டை வாங்கித் துறை பீரோவில் வைத்தோம். விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. வெள்ளிக்கிழமை திருத்த உட்கார்ந்தபோது சாவி அக்காவின் தாள் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீல வரிகள், நடுநடுவே கறுப்புச் சொற்கள். இட நெருக்கடியைப் பார்த்தாலே தெரிந்தது, முதலில் இடம் விட்டு எழுதியிருக்கிறார், பிறகு வேறு பேனாவால் நிரப்பியிருக்கிறார். எப்போது நிரப்பினார்? புதன் மாலையிலிருந்து வெள்ளி காலை வரை கட்டு பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி யார் இடுப்பில் இருந்தது? பால்குடத்துக்குப் பூனை காவல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை மட்டும் பழக்க தோஷத்தில் தவறான சொற்களைச் சிவப்பில் சுழித்துக்கொண்டே போயிற்று. மனம் மையின் நிறத்திலேயே நின்றுவிட்டது. மதிப்பெண் போடாமல் தாளைத் திரும்பக் கட்டில் வைத்தேன்.

அவரிடமே கேட்டிருக்கலாம், பத்தடி தூரத்தில் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் சந்தேகப்படுகிறவளுக்குக் கேட்பதைவிடக் கண்ணி வைப்பதில்தான் ருசி. கட்டை வெள்ளை நூலால் கட்டி, என் அம்மா அரிசி மூட்டைக்குப் போடும் இரட்டை முடிச்சைப் போட்டு, கீழ்த்தட்டில் வைத்தேன். முடிச்சின் நுனி வலப்பக்கம் பார்க்க இருந்தது. மிச்சச் சொற்களைத் திருத்த வந்தால் மாட்டட்டும் என்று நினைத்தேன். தேர்வு அறையில் மேற்பார்வையாக இருந்த இளம் ஆசிரியையையும் ஜாடையாக விசாரித்தேன். அந்த அக்கா அடிக்கடி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பையிலிருந்து எதையோ எடுத்தார் என்று அவர் சொன்னார். என்ன எடுத்தார் என்பதை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்தால் கட்டு மேல்தட்டில் இருந்தது. என் இரட்டை முடிச்சு போய், சாதாரண முடிச்சு விழுந்திருந்தது. அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் நினைத்தது சரியாகிவிட்ட சந்தோஷம். அன்று மதியமே முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம், ஒரு பிழைகூட இல்லாதது. குற்றம் உறுதியானால் அவர் படிப்பும் போகும், வேலையும் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்திட்டேன்.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. முதல்வர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த எங்கள் துறைத்தலைவர், நான். சாவி அக்கா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடுப்பில் சாவி வளையத்தைச் சத்தம் வராமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முதல்வர் தாளைக் காட்டி, இரண்டு பேனா எதற்கு என்று கேட்டார்.

"நீலம் எனக்குத் தெரிஞ்சதுங்க சார். கறுப்பு, சரியா தப்பான்னு தெரியாம எழுதினது. பேப்பரத் திருப்பிக் குடுத்தா கறுப்ப மட்டும் பாத்தாப் போதும்ல, எதெது சந்தேகம்னு தெரிஞ்சிடும்."

அப்படியென்றால் முதலிலேயே கறுப்பில் எழுதிவிட்டுப் போகலாமே, இடம் விடுவானேன் என்று நான் குறுக்கே கேட்டேன். என் குரல் எனக்கே வக்கீல் குரலாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தைக்காக நின்னா அந்த வரியே போயிடுது மேடம். நடவு நட்டா எல்லா நாத்துமா புடிக்குது? புடிக்காத எடத்துக்காக அங்கயே குந்திக்கிட்டு இருந்தா வயலு முடியாது. முழுசா நட்டுட்டு, எட்டு நாள் கழிச்சு எறங்கி, விட்டுப்போன எடத்துல நாத்து சொருவுவோம். அதேதான். மொதல்ல எடத்த விட்டு எழுதிட்டுப் போயிடுவேன், கடைசி அரை மணி நேரம் பையிலேர்ந்து கறுப்புப் பேனாவ எடுத்து நிரப்புவேன். ஹாலுக்குள்ளயேதான்."

நூல் முடிச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சனிக்கிழமை மழையில் சுவர் ஊறி, பீரோவின் கீழ்த்தட்டு வரை ஈரம் வந்துவிட்டதாம். கட்டை மேலே ஏற்றி, ஈர நூலை அவிழ்த்து வேறு நூல் போட்டாராம். பதிவேடுகளும் மேலே ஏறியிருந்ததை நானும் பார்த்திருந்தேன். கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

துறைத்தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு தாளை முழுக்கப் படித்தார். அவர் படித்த நேரம் எனக்குத் தேவைக்கு அதிகமாகத் தோன்றியது. பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா, பீரோவத் தொறந்து உக்காந்து நிரப்புறவங்க, பக்கத்துல இருக்கற அகராதியப் பாத்தாவது சரியா நிரப்பமாட்டாங்களா? கறுப்புல பாதிக்குப் பாதி தப்பால்ல இருக்கு. நீங்களேதான் சுழிச்சிருக்கீங்க."

ஒன்பது சிவப்புச் சுழிகள், அத்தனையும் கறுப்புச் சொற்களின் மேல். அகராதி அதே பீரோவில்தான் இருந்தது. நீலத்தில் நான் சுழித்த இடம் ஒன்றுகூட இல்லை. அவர் எதைத் தெரியாது என்றாரோ அது தெரியவில்லை, எதைத் தெரியும் என்றாரோ அது தெரிந்திருந்தது. அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? அதை எழுதி வைத்ததே என் பேனாதான். அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இந்த மனிதர் ஏன் இந்த அம்மாளுக்கு இப்படிப் பரிந்து பேசுகிறார் என்பதுதான். சந்தேகத்துக்கு ஒரு கதவைச் சாத்தினால் அது இன்னொன்றைத் தட்டும்.

முதல்வர், புகாரை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். மதிப்பெண்ணைத் துறைத்தலைவர் தனியாகப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார் என்றும் சொன்னார். எல்லோரும் எழுந்தோம். சாவி அக்கா மட்டும் நகரவில்லை. இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது எங்கிட்ட இருக்கறவரைக்கும் நான் எத எழுதினாலும் மேடத்துக்கு நிம்மதி இருக்காது சார். வேற யாருகிட்டயாவது குடுத்துடுங்க. என்னப் படிக்க மட்டும் விடுங்க."

அவரைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். துறையில் மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், காலை முழுவதும் வெயிலில் குனிந்து களை பறித்தார். பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, ஒன்றரைக்குக் கை கால் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். சாவி இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் சாவி அக்கா என்றே நிலைத்தது. என்னைப் பார்த்தால் எப்போதும்போல வணக்கம் சொன்னார். டிபன் பாக்ஸ் கழுவும் நேரத்தில் மட்டும் யாரும் வந்து நிற்கவில்லை.

அடுத்த தேர்விலிருந்து அவர் தாள் ஒரே நீலத்தில் வந்தது. கறுப்பும் இல்லை, இடைவெளியும் இல்லை, பிழையும் இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று தாள் போனபிறகுதான் உறைத்தது. தெரிந்த சொற்களை மட்டும் வைத்துச் சின்னச் சின்ன வரிகளாக எழுத ஆரம்பித்திருந்தார். ஊர் அழகானது, மக்கள் நல்லவர்கள், நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம். மனசு ஆறிப்போவதற்கு ஆங்கிலத்தில் சொல் தேடிய பெண், தெரியாத பக்கமே கால் வைக்காமல் கரையோரமாக நடந்துபோனார். அந்தத் தாள்களில் சுழிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளில் எனக்கு அழுகை வந்திருக்கிறது. ஒருநாள்கூட எழுந்துபோய், அக்கா, பழையபடி எழுதுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், விசாரணைக்குப் பிறகு நான் எது சொன்னாலும் அவர் அதில் கண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார் என்று பயந்தேன். என் குணம் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைப்பதும் என் குணம்தான்.

மூன்றாம் வருடக் கடைசி நாளில், ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் பெயர் போடாமல் கருத்து எழுதித் தருவது எங்கள் கல்லூரி வழக்கம். அந்தக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். யார் என்ன எழுதியிருப்பார்கள் என்று கையெழுத்தை வைத்து ஊகிப்பது என் வழக்கம். ஒரு தாளுக்கு ஊகமே தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. மேடம் ஒரு நல்ல ஆசிரியர் என்று பொருள். வரி முழுக்க நீலம். 'நல்ல' என்ற ஒரு சொல் மட்டும் கறுப்பு, இருபுறமும் கொஞ்சம் இடம் மிச்சம் விட்டு.

வேறு யார் பார்த்தாலும் அது பாராட்டு. துறைத்தலைவரின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். விட்டுவிட்டுப் போய், கடைசி அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சரியா தவறா என்று தெரியாமல் நிரப்பிய சொல் அது.

அவர் பட்டம் வாங்கினார். எங்கள் கல்லூரியில் எழுத்தர் இடம் தயாராக இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரத்தநாட்டில் வேறோர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். துறையின் சாவி வளையம் பல கை மாறி, இப்போது என் கைப்பையில் கிடக்கிறது. காலையில் நானே அறையைத் திறந்துகொள்கிறேன். சத்தம் கேட்டு மாணவிகள் பேச்சை நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கருத்துத் தாளைப் பார்த்த அன்று, விசாரணைக் கோப்பிலிருந்து எனக்குத் திரும்பி வந்திருந்த விடைத்தாளை மறுபடி எடுத்தேன். அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மையை, இடைவெளியை, நெருக்கத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரு கட்டுரையாகப் படித்தது அன்றுதான். அவர் பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு மிச்சமாக வந்து சேரும் கடைமடை. முதல் தண்ணீர் பாயும் தலைமடைக்காரியான எனக்குத் தண்ணீர் வருவது ஒரு செய்தியே இல்லை. அவர் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் யாரும் உடனே சந்தோஷப்பட மாட்டார்களாம். அது ஆற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம், அலையேறிக் கடலிலிருந்து பின்னால் வந்த உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். தெரியாமல் வயலுக்குத் திறந்துவிட்டால் பயிர் போயிற்று. அவருடைய அப்பா வாய்க்காலில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாராம். கரையில் ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். அவர் துப்பவில்லை, விழுங்கினார். மடை திறந்தது.

எங்கள் வீட்டைவிடச் சந்தேகக்காரர்கள் அவர்கள். ஆனால் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். கடைமடைக்கு அவர் நிரப்பிய கறுப்புச் சொற்களுக்குத் தண்ணீரின் கடைசிப் பிள்ளை என்று பொருள். அதை நான் சிவப்பில் சுழித்திருந்தேன். அதைவிட நல்ல சொல் என்னிடம் இன்றுவரை இல்லை.

மதிப்பெண் கட்டத்தை இப்போது நிரப்ப எனக்கு யோக்கியதை இல்லை, அது காலியாகவே இருக்கட்டும். அவர் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன், கூப்பிடவில்லை. மடித்த தாளை அவ்வப்போது பிரித்து, கட்டுரையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு உள்ளே வைப்பேன். அந்த வரியில் இடைவெளி இல்லை, கறுப்பு இல்லை, முழுக்க நீலம். உப்பா நல்ல தண்ணீரா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று அப்பா சொன்னார், என்று எழுதியிருக்கிறார்.